உங்கள் பல்கலைக்கழகத்திடம் என்னவெல்லாம் கேட்டு வாங்கினீர்கள்?

தாசேக் ஓரம் | திங்கள், இரவு 9.40

வணக்கம். அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யு.பி.யு. முடிவு வந்ததிலிருந்து புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் கேள்வி மேல் கேள்வி. எந்த விடுதி நல்லது, எங்கே சாப்பாடு மலிவு, பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் பணம் எப்போது கைக்கு வரும், எந்த விரிவுரையாளர் தாராளமாகப் புள்ளி போடுவார். எல்லாம் கேட்க வேண்டியவைதான். ஆனால் அங்கே போனால் என்னென்ன கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன், கடைசி ஆண்டு. அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்தது நான்தான் முதலில். அதனாலோ என்னவோ, இங்கே இருக்கும் ஒவ்வொன்றும் எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் 1930களின் தோட்டத் தொழிலாளர்கள் பற்றி ஓர் இடுபணி. இணையத்தில் கிடைப்பதைத் தொகுத்துக் கொடுத்தாலே தேறிவிடலாம். எங்கள் விரிவுரையாளர் மலாய்க்காரர். அவர்தான் கேட்டார்: "அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்தாயா? இந்த வகுப்பில் அதைப் படிக்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதானே." அதுவரை தமிழ் எனக்கு வீட்டு மொழி, எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு பாடம். வரலாற்று வகுப்பில் அது ஒரு கருவியாகும் என்று யாரும் சொன்னதில்லை.

பழைய பத்திரிகைகளைச் சிறிதாகப் படமெடுத்துப் படச்சுருளில் வைத்திருக்கும் நூலகத்தின் நுண்படப் பகுதிக்குப் போனேன். அங்கிருந்த நூலக உதவியாளர் அக்கா பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். சுருளை இடப்பக்கத்து அச்சில் மாட்ட வேண்டும், நுனியை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே விட வேண்டும், வலப்பக்க உருளையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். வேகமாகத் திருப்பினால் எழுத்தெல்லாம் கோடாகிவிடும். திரையில் தமிழ் நேசன் வந்தது. 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன பத்திரிகை. தாத்தா வீட்டில் நான் அதில் பார்த்ததெல்லாம் ராசிபலனும் மரண அறிவிப்பும்தான். இங்கே ரப்பர் விலையும் கப்பல் புறப்படும் தேதியும் ஒரே பக்கத்தில் இருந்தன. 1930 தொடங்கி ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பாடநூலில் ஒரு வரியாகப் படித்திருந்தேன். விலையையும் கப்பலையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் அந்த வரி எனக்குப் புரிந்தது.

அதன்பின் துறையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு ஆர்கிப் நெகாரா என்ற தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளைக் கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். இதற்கெல்லாம் ஒரு காசு கொடுக்கவில்லை. கேட்டேன், கிடைத்தது.

நீங்கள் உங்கள் இடத்தில் என்ன கேட்டு வாங்கினீர்கள்? எழுதுங்கள். புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

விடுதி ஐந்து | திங்கள், இரவு 9.58

அக்கா, நுண்படப் பகுதி என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரியும். அதைத் தாண்டித்தான் தினமும் குளிர்சாதனத்துக்காகப் போய் உட்காருகிறேன். நாளைக்கே கேட்கிறேன். நன்றி.

இரவுப் பயணி | திங்கள், இரவு 11.20

தாசேக் ஓரம், நீங்கள் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் இரண்டாம் ஆண்டு பொறியியல். விடுதி கிடைக்கவில்லை, பூச்சோங்கிலிருந்து மோட்டாரில் வந்து போகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் சாப்பாடு டெலிவரி. வீட்டுக்கு வந்து குளித்து உட்காரும்போது மணி பன்னிரண்டு. பி.டி.பி.டி.என். பணத்தில் பாதி வீட்டு வாடகைக்குப் போகிறது. நம் பிள்ளைகளில் பலர் இப்படித்தான் படிக்கிறார்கள். அவர்களிடம் போய் ஆர்கிப் நெகாரா, நுண்படம் என்று சொன்னால் எங்கே போவார்கள்? வாய்ப்பு இருக்கிறது என்பதும் அதை எட்டிப் பிடிக்க நேரம் இருக்கிறது என்பதும் ஒன்றாகாது. இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தாசேக் ஓரம் | திங்கள், இரவு 11.41

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். விடுதிக் கட்டிலும் அப்பாவின் சம்பளமும் இருந்ததால்தான் எனக்கு அந்த நேரம் கிடைத்தது. உங்கள் நிலையில் இருப்பவருக்கு என்ன முடியும் என்று இங்கே யாராவது அனுபவத்தில் சொன்னால் நன்றாக இருக்கும்.

பாயான் லெப்பாஸ் | செவ்வாய், காலை 7.15

இரவு வேலை முடித்துப் பேருந்தில் வரும்போது இதைப் படிக்கிறேன், அதனால் நானே சொல்கிறேன். பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். கல்யாணம் ஆகி, பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற வயதில்தான் படிக்கப் போனேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது நம்மவர்கள் வாயில் யு.எஸ்.எம்., தொலைதூரக் கல்வி. 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம், 1971லேயே வேலை செய்கிறவர்களுக்கான வெளிவளாகப் படிப்பை ஆரம்பித்துவிட்டது. நாட்டில் அதற்கு முன்னோடி அதுதான். அன்றைக்கு யாரோ ஒருவர் "வேலைக்குப் போகிறவனும் படிக்கட்டும்" என்று நினைத்ததால் நான் இன்றைக்கு மாணவன்.

இரவுப் பயணி தம்பிக்கு: உங்களுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அதற்கேற்ற வாய்ப்புகளை எடுங்கள். நூலகத்தின் மின்னிதழ்களை வீட்டிலிருந்தே உங்கள் மாணவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டுத் திறக்கலாம். வெளியே ஒரு ஆய்வுக் கட்டுரை வாங்க முப்பது நாற்பது டாலர் கேட்பான், உங்களுக்கு அது இலவசம். நான் ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, இயந்திரம் ஓடும்போது நடுவில் கிடைக்கும் இடைவேளையில் இரண்டிரண்டு பக்கமாகப் படிப்பேன். புத்தகம் உங்கள் நூலகத்தில் இல்லாவிட்டால் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கித் தரும் வசதியும் உண்டு. நூலக முகப்பில் கேட்டுப் பாருங்கள்.

ஆண்டுக்கொரு முறை மிண்டன் வளாகத்தில் எங்களுக்குத் தீவிர வகுப்பு நடக்கும். பழைய ராணுவ முகாம் இருந்த இடம் அது. சரவாக்கிலிருந்து தாதி, ஜொகூரிலிருந்து போலீஸ்காரர், கிளந்தானிலிருந்து ஆசிரியை, எல்லாரும் ஆண்டு விடுமுறையைப் போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். மக்கள்தொகை பற்றிய வகுப்பில் அந்தத் தாதி பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் லோங்ஹவுஸ் நீள்வீட்டில் பிரசவம் பார்த்ததைச் சொன்னபோது பேராசிரியரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தார். எனக்குப் பட்டத்தைவிட அந்த வகுப்பறைதான் பெரிது.

டெலிவரி ஓட்டுவதைக் குறைக்க முடியுமா என்றும் பாருங்கள் தம்பி. மாணவர் விவகாரப் பிரிவில் உதவிநிதி, வளாகத்துக்குள்ளேயே பகுதி நேர வேலை என்று சில ஏற்பாடுகள் இருக்கும். தேடிப் போனவருக்குத்தான் கிடைக்கும்.

இரவுப் பயணி | செவ்வாய், காலை 8.02

அண்ணா, மின்னிதழ் விஷயம் தெரியாது. ஒரு ஆர்டருக்கும் இன்னொரு ஆர்டருக்கும் நடுவே கடை வாசலில் காத்திருக்கும் நேரமே இருபது நிமிடம் வரும். அது போதும் போலிருக்கிறது. மாணவர் விவகாரப் பிரிவுக்கும் போய்ப் பார்க்கிறேன்.

கிள்ளான் அம்மா | செவ்வாய், காலை 10.30

இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகள் படிவம் ஆறில் இரவு பகலாகப் படித்தாள். அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்.இல் புள்ளி நன்றாகத்தான் வந்தது. மருந்தியல் கேட்டாள். கிடைத்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிரியல், அதிலும் தாவரம், சூழலியல் என்கிறார்கள். அவளைவிடக் குறைந்த புள்ளிக்காரப் பிள்ளைகளுக்கு அவள் கேட்ட படிப்பு கிடைத்திருக்கிறது என்று கேள்விப்படுகிறோம். நான்கு நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் எல்லாரும் வாய்ப்பு, வாய்ப்பு என்று எழுதுகிறீர்கள். விரும்பாத படிப்பைக் கையில் திணித்துவிட்டு அதை வாய்ப்பு என்று எப்படி அம்மா அவளிடம் சொல்வது?

நெறியாளர் | செவ்வாய், காலை 10.52

அம்மா, வருக. ஒதுக்கீட்டு முறை பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அந்த விவாதத்தை அங்கே தொடரலாம். மகளுக்கு என்ன செய்யலாம் என்பதை இங்கே தாராளமாகப் பேசுங்கள்.

இலை தழை | செவ்வாய், மதியம் 12.45

கிள்ளான் அம்மாவுக்கு வணக்கம். நான் அதே துறையில் படித்து இப்போது முதுகலை செய்கிறேன். முதல் வேலையாக ரயுவான் போடுங்கள். மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் காலம் குறைவு, நாளைத் தள்ளாதீர்கள். அவள் மனத்தாங்கலில் நியாயம் இருக்கிறது. "கிடைத்ததே பெரிது, வாயை மூடிக்கொண்டு போ" என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது.

ரயுவான் கிடைக்காமல் போனால் அவள் வரப்போகும் இடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன், அவளைப் படிக்கச் சொல்லுங்கள்.

வளாகத்துக்குள்ளேயே ரிம்பா இல்மு என்ற தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1974இல் உருவானது, ஏறக்குறைய 80 ஹெக்டேர். கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவில், கூட்டரசு நெடுஞ்சாலைச் சத்தம் எட்டும் தூரத்தில், மழைக்காட்டு மரங்கள். வகுப்பு முடிந்த கையோடு நடந்தே போய்விடலாம். மற்ற நாட்டு மாணவர்கள் வெப்பமண்டலக் காட்டைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள், நமக்கு அது வகுப்புக்குப் பின்னால் இருக்கிறது.

காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரகம் என்று ஒன்றும் உண்டு. முதல் ஆண்டு விடுமுறையில் அங்கே உதவிக்குப் போகலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். செடியை வேரோடு எடுத்து, பழைய நாளிதழுக்கு நடுவில் விரித்து வைக்க வேண்டும். எல்லா இலையையும் மேல்பக்கம் தெரியும்படி வைத்துவிடக் கூடாது, ஓர் இலையையாவது புரட்டிப் போட வேண்டும், அடிப்பக்கத்து நரம்பும் மயிரும் பிறகு பார்ப்பவருக்குத் தேவைப்படும். பூ உதிர்ந்தால் சின்ன காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்ட வேண்டும். எங்கே எடுத்தது, எந்தத் தேதி, பூவின் நிறம் என்ன என்பதை உடனே எழுதிவிட வேண்டும், ஏனென்றால் காய்ந்தபின் நிறம் போய்விடும். பிறகு பலகைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் காயவைப்பது. இப்படி அறுபது வருடத்துக்கு முன் யாரோ செய்த தாளை நான் திறந்து பார்த்தேன். எடுத்த இடத்தில் இன்று காடு இல்லை, வீடமைப்புப் பகுதி. அந்தச் செடி அங்கே இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

மருந்தியல் ஆசையும் வீணாகாது. செடியிலிருந்து மருந்துப் பொருள் பிரித்தெடுக்கும் ஆய்வுகள் இங்கே நடக்கின்றன, வேதியியல் துறையோடு சேர்ந்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆண்டிலேயே போய்ப் பேசினால் இறுதியாண்டு ஆய்வை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அவளுக்குப் பேச வேண்டும் போல் இருந்தால் இந்தத் தளத்தின் தனிமடலில் என்னிடம் கேட்கட்டும்.

கிள்ளான் அம்மா | செவ்வாய், மாலை 5.10

மேல்முறையீடு இன்று மதியமே போட்டுவிட்டோம். நீங்கள் எழுதியதை அவளிடம் காட்டினேன். "இலையை ஏன் புரட்டிப் போடணும்"னு மட்டும் கேட்டாள். சரியாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். தனிமடலில் வருவாள் என்று நினைக்கிறேன். ரொம்ப நன்றி கண்ணு.

ஆய்வுக்கூடம் மூன்றாம் மாடி | செவ்வாய், இரவு 8.25

இந்த இழையில் நீப்பா நோய்க்கிருமி பற்றி எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

1998 கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் ச்சுவா காவ் பிங் என்பவர் பயிற்சியில் இருந்தார். நோயாளியின் தண்டுவட நீரை உயிரணு வளர்ப்பில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். தனித்தனியாக இருக்க வேண்டிய உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளாக மாறியிருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. அவருடைய பேராசிரியர் லாம் சாய் கிட். மாதிரியை அமெரிக்காவுக்கே எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். புதிய கிருமி என்று உறுதியானது. கிருமி கிடைத்த நோயாளியின் ஊர் சுங்கை நீப்பா, அதுவே பெயராயிற்று. கொசுவை விட்டுவிட்டுப் பன்றிகளை அகற்ற வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெளிவானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த நோய், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளை அழித்தபின் அடங்கியது.

பிறகு தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, விழுந்த சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்தும் அதே கிருமியைப் பிரித்தெடுத்தவரும் ச்சுவாதான்.

நான் சொல்ல வருவது இது. கண்டுபிடித்தபோது அவர் இன்னும் கற்றுக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிடைத்தது ஓர் ஆய்வுக்கூடம், ஒரு நுண்ணோக்கி, கேட்டால் பதில் சொல்ல ஒரு பேராசிரியர். அந்த மூன்றும் இன்றைக்கு எங்களுக்கும் இருக்கின்றன. பாடத்திட்டம் சொன்ன செயல்முறையை முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நான்கு மணிக்கே ஓடிவிடும் தம்பிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. ஓர் அரை மணி நேரம் இருந்து, "இது ஏன் இப்படி வந்தது" என்று கேளுங்கள். நாங்கள் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

செராஸ் வாசி | செவ்வாய், இரவு 10.05

நான் தனியார் கல்லூரி. எங்கள் கல்லூரி ஒரு கடைவீதிக் கட்டடத்தின் மூன்று மாடி. நூலகம் என்றால் இரண்டு அலமாரி. கட்டணம் மட்டும் நீங்கள் கட்டுவதைப் போலப் பல மடங்கு. இந்த இழையைப் படிக்கப் படிக்க ஏக்கமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு எதுவும் இல்லையா?

தாசேக் ஓரம் | செவ்வாய், இரவு 10.30

நிறைய இருக்கிறது தங்கச்சி. துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது, யாரும் உறுப்பினராகலாம். ஆர்கிப் நெகாரா எல்லாக் குடிமக்களுக்கும் உரியது. பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் இணையத்தில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே தேடலாம். சங்க இலக்கியம் முதல் பலவும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும், 1998இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றுகிறார்கள். எங்கள் வளாகத்தில் நடக்கும் பொது விரிவுரைகளில் பலவற்றுக்கு வெளியாரும் வரலாம். தமிழ் தொடர்பான நிகழ்ச்சி என்றால் நானே இங்கே அறிவிப்புப் போடுகிறேன்.

இரண்டு அலமாரிக்குப் பல மடங்குக் கட்டணம் என்பது அநியாயம். அதைக் கல்லூரி நிர்வாகத்திடம் மாணவர்கள் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். கேட்டு வாங்குவது என்றால் அதுவும்தான்.

பழைய மாணவன் | புதன், காலை 6.50

பிள்ளைகளே, வயதானவன் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்திய ஆய்வியல் துறையில் படித்தவன். 1987இல் ஆறாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது சட்டைப் பையில் அட்டை குத்திக்கொண்டு பேராளர்களுக்குத் தண்ணீர் ஊற்றிய தொண்டர்களில் ஒருவன். புத்தக அட்டையில் பெயராக மட்டும் தெரிந்திருந்த அறிஞர்கள் என்னிடம் "தம்பி, கழிவறை எந்தப் பக்கம்" என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது நான் என்ன படிக்கிறேன் என்றும் கேட்டார்கள். அந்தப் பேச்சில் கிடைத்ததை எந்த வகுப்பிலும் நான் பெறவில்லை.

ஆனால் அதைவிட முக்கியமானது, அந்தத் துறையும் அதன் நூல்களும் வந்த கதை. மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1950களில் அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அதில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்ற வழக்கு வந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகப் பத்திரிகையில் எழுதினார், கூட்டம் போட்டார், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். துறைமுகத்திலும் தோட்டத்திலும் உடம்பை வருத்திச் சம்பாதித்தவர்கள் கொடுத்த காசு அது. பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கனவுகூட அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்திருக்காது. எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கொடுத்திருப்பார்கள். துறை 1956இல் வந்தது, தமிழுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது, திரட்டிய நிதி தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. பிறகு துறை கோலாலம்பூருக்கு வந்தது.

1961இல் தனிநாயக அடிகள் துறைத் தலைவரானார். யாழ்ப்பாணத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார். தமிழைப் பற்றி உலகத்து அறிஞர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தவர். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் எங்கே நடந்தது தெரியுமா? சென்னையிலா, மதுரையிலா? நம் கோலாலம்பூரில். சென்னை மாநாடு அதற்கு அப்புறம்தான், 1968இல்.

இப்போது அந்த வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. மொழி, மொழியியல் புலத்தில் தமிழ் தனிப் பட்டப்படிப்பாகவும் இருக்கிறது. தமிழ்ப் பேரவை பல பத்தாண்டுகளாகச் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைத் தொகுப்பாகப் போடுகிறது. நம் நாட்டு எழுத்தாளர்களில் எத்தனையோ பேர் அந்தப் போட்டி வழியாக அறிமுகமானவர்கள். பொறியியல் படிக்கிறவனும் மருத்துவம் படிக்கிறவளும் அதில் எழுதலாம், ஏற்பாட்டுக் குழுவில் சேரலாம். ஒரு நூலைத் தட்டச்சிலிருந்து அச்சுவரை கொண்டுபோவது எப்படி என்று அங்கே கற்ற மாணவர்களை எனக்குத் தெரியும்.

நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்குப் போகும்போது ஒரு பழைய நூலை எடுத்துப் பின்பக்கத்துத் தேதிச்சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை எந்த வருடம் என்று பார்த்தால் எனக்குக் கோபமும் வருகிறது, வருத்தமும் வருகிறது. தொழிலாளி கொடுத்த காசு அந்த அலமாரியில் இருக்கிறது ஐயா. எடுத்துப் படிக்க நம் பிள்ளைகள்தான் வர வேண்டும்.

இரவுப் பயணி | புதன், காலை 7.30

ஐயா, இந்தக் கதை எங்கள் தமிழ்ப்பள்ளியிலும் சொல்லவில்லை, இடைநிலைப்பள்ளியிலும் சொல்லவில்லை. என் தாத்தா பத்தாங் பெர்சுந்தைப் பக்கம் பால்மரம் வெட்டியவர். அவர் கொடுத்தாரா என்று பாட்டியிடம் கேட்கப் போகிறேன்.

பேச்சு வராதவள் | புதன், மதியம் 1.15

முதலாம் ஆண்டில் சேரப்போகிறேன், பொருளாதாரம். எல்லாரும் "கேள், கேள்" என்கிறீர்கள். எனக்கு அதுதான் வராது. தமிழில் சரளமாகப் பேசுவேன், மலாய் எழுதுவேன், ஆங்கிலம் என்றால் நாக்கு உள்ளே போய்விடும். விரிவுரையாளர் அறைக் கதவைத் தட்டி என்ன சொல்வது? சில பேர் மின்னஞ்சலுக்குப் பதிலே போடமாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

ஆய்வுக்கூடம் மூன்றாம் மாடி | புதன், மதியம் 1.50

தங்கச்சி, பதில் வராத மின்னஞ்சல்களைப் பார்த்தால் பெரும்பாலும் "சார், எனக்கு நாலாம் அத்தியாயம் புரியவில்லை" என்று இருக்கும். அதற்கு என்ன பதில் எழுத முடியும்? இப்படி எழுதிப் பாருங்கள்: பெயர், எந்தப் பாடம், எந்த வகுப்பு. அடுத்த வரியில், "நீங்கள் செவ்வாய்க்கிழமை காட்டிய வரைபடத்தில் மூலப்பொருள் விலை ஏறும்போது அளிப்புக் கோடு ஏன் இடப்பக்கம் நகர்ந்தது என்று பாடநூலில் பார்த்தேன், இந்த இடம்வரை புரிகிறது, இதற்குமேல் புரியவில்லை." கடைசியில், "உங்கள் ஆலோசனை நேரத்தில் பத்து நிமிடம் வரலாமா?" மலாயில் எழுதினாலே போதும். மூன்று நாளில் பதில் இல்லை என்றால் ஆலோசனை நேரத்தில் நேரே போய்விடுங்கள், கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும்.

கதவைத் தட்டியபின் பேச்சு வராவிட்டால் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். அதற்கப்புறம் அவரே பேசுவார்.

பாயான் லெப்பாஸ் | புதன், மதியம் 2.20

ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு வழி. மொழிப் பாடங்கள், பட்டறைகள் எல்லாம் வளாகத்தில் நடக்கும். வெளியே ஆயிரக்கணக்கில் வாங்குவார்கள். அங்கே உங்களைப் போலவே நாக்கு உள்ளே போகிறவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பேச்சு வராதவள் | புதன், மாலை 4.05

விரலை வைத்துக் காட்டுவது என்னால் முடியும். மின்னஞ்சல் வடிவத்தையும் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொன்று கேட்கலாமா? நூலகத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது. அங்கே யாரிடம் எதைக் கேட்பது என்று முதல் தடவை யாராவது கூட வந்து காட்டினால் நன்றாக இருக்கும்.

விடுதி ஐந்து | புதன், மாலை 4.12

எனக்கும்தான். நேற்று நுண்படப் பகுதிக்குப் போய் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன் அக்கா.

தாசேக் ஓரம் | புதன், மாலை 5.30

சரி, நானே கூட்டிப்போகிறேன். அறிமுக வாரம் முடிந்த முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி, மைய நூலக வாசல். மாணவர் அட்டை கண்டிப்பாக வேண்டும். எல்.ஆர்.டி.யில் வருகிறவர்கள் யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்குங்கள், வளாகத்துக்குள் போகும் பேருந்து அங்கிருந்து கிடைக்கும். சனிக்கிழமை பேருந்து குறைவு, கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

முதலில் மின்னிதழ்களை வீட்டிலிருந்து திறப்பது எப்படி என்று பார்ப்போம், இரவுப் பயணி தம்பி அதற்கு மட்டுமாவது வந்துவிட்டு வேலைக்குப் போகலாம். அப்புறம் நுண்படம், அப்புறம் தமிழ்ப் பகுதி. பழைய மாணவன் ஐயா, உங்களால் வர முடியுமா? அலமாரிக்கு முன்னால் நின்று நீங்கள் சொன்னால் நாங்கள் கேட்போம்.

பழைய மாணவன் | புதன், மாலை 6.15

வருகிறேன் அம்மா. செரம்பானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்தால் வந்துவிடலாம். வெளியார் உள்ளே வர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்றால் மட்டும் நூலக முகப்பில் கேட்டுச் சொல்லுங்கள்.

தாசேக் ஓரம் | புதன், மாலை 6.22

நாளைக் காலையிலேயே கேட்டுச் சொல்கிறேன் ஐயா. வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள்.

இலை தழை | புதன், இரவு 7.00

நானும் ஒரு தங்கச்சியும். அவள் கிள்ளானிலிருந்து வருகிறாள். நூலகம் முடிந்ததும் நாங்கள் ரிம்பா இல்மு பக்கம் போவோம், விருப்பமுள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம். மூடிய காலணி போட்டுக்கொண்டு வாருங்கள், கொசு மருந்து நான் கொண்டு வருகிறேன்.